டி.வி. மூலையில் ஒரு சிவப்பு அம்பு

கட்டைவிரல் நகத்தளவு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் மானத்தைப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் வாங்கிய மனிதர் திருப்பூரில் ஒருவர்தான் உண்டு. திருப்பூரில் என்ன, உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவர் இருந்தால் பூமி தாங்காது. சம்பவம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. இதை எழுத உட்காரும்போதுகூடப் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஆரோ. ரேசன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவியே சாப்பாட்டு நேரத்தில் வீதி முனையில் நின்று, "ஏனுங்க, எங்கூட்டு ஆரோவைப் பார்த்தீங்களா?" என்றுதான் விசாரிப்பார்.

வெளியூர் வாசகர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் தைத்து முடித்த துணியெல்லாம் செக்கிங் மேசைக்கு வரும். அங்கே இருப்பவர் சட்டையை உள்பக்கம் புரட்டி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தையல் விட்டிருந்தாலோ, ஊசி ஓட்டை தெரிந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ வாயைத் திறக்க மாட்டார். அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பார். அந்த அம்புக்குத்தான் ஆரோ என்று பெயர், அது காட்டும் குறைக்குப் 'பால்ட்' என்று பெயர். அந்த மேசையில் துணிக்கு மூன்றே விதிகள். குறை இல்லை என்றால் 'பாஸ்'. குறை இருந்தும் சரிசெய்ய முடியும் என்றால் 'ஆல்டர்'. முடியாது என்றால் 'ரிஜெக்ட்'. நம் கதாநாயகர் அந்த மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர்.

அந்த வேலை போன கதையே தனி. ஆர்டர் கொடுக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்திருக்கிறார். முதலாளி அவரைச் செக்கிங் பக்கம் அழைத்து வந்து, எங்கள் ஆட்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தன்னால் முடிந்த ஆங்கிலத்தில் பெருமை பேசியிருக்கிறார். வெள்ளைக்காரர் ஆவலாகக் குனிந்திருக்கிறார். குனிந்தவருடைய சொந்தச் சட்டையில் காலர் ஓரம் நூல் பிரிந்திருந்தது. நம்மவர் எழுந்து, காலரில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளைக்காரர் சிரித்தாராம். முதலாளி சிரிக்கவில்லை.

அதன் பிறகுதான் எங்கள் வீதியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, டி.வி., மிக்சி, கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்க்க ஆரம்பித்தார். எங்கே படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நான் பள்ளியில் பிசிக்ஸ் நடத்துகிறவள். இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

"படிப்பெதுக்குங்க டீச்சர்? சட்டையாட்டவேதான் டி.வி.யும் ஒரு பீசு. உள்பக்கம் பொரட்டிப் பார்த்தாத் தெரிஞ்சு போயிருமுங்க."

இதுதான் அவருடைய மொத்த விஞ்ஞானம். எதைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கம் புரட்டுவார். எங்கள் மிக்சி ஓடவில்லை என்று கூப்பிட்டபோது, ஒன்றும் கேட்காமல் அதன் அத்தனை திருகாணிகளையும் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பினார். ஒவ்வொரு பாகத்தையும் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, சுவரில் இருந்த சுவிட்சின் மேல் ஓர் அம்பை ஒட்டிவிட்டு வெளியே போய்விட்டார். சுவிட்ச் போடவில்லை என்பதை வாயால் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? பரப்பியதைப் பூட்ட மறுநாள்தான் வந்தார். "உள்ள ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க டீச்சர்" என்று மிக்சிக்கு நற்சான்றிதழ் வேறு.

பக்கத்து வீட்டில் கிரகப்பிரவேசம். முந்தின நாள் கேபிள் ஒயர் இழுக்க இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச் சுவர், புதுப் பெயின்ட். மனிதருக்குக் கை அரித்துவிட்டது. விரிசல், திட்டு, பிசிறு என்று வீடு முழுக்க இருபத்து மூன்று அம்புகள். மறுநாள் விருந்துக்கு வந்தவர்கள் அவற்றைப் பந்திக்கு வழி காட்டும் அம்புகள் என்று நினைத்துவிட்டார்கள். முதலிபாளையத்திலிருந்து வந்த ஆறு பேர் அம்பைப் பார்த்துக்கொண்டே நடந்து, வரிசையாகக் குளியலறையில் போய் நின்றார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்க்க நான்தான் அவரைச் சிபாரிசு செய்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். போகிற வழியில் அறிவிப்புப் பலகையைப் பார்த்திருக்கிறார். தலைமையாசிரியை தன் கைப்பட எழுதியிருந்த 'ஒலுக்கம்' என்ற சொல்லின் நடுவே ஓர் அம்பை ஒட்டிவிட்டார். தலைமையாசிரியை அந்த வருடம் முழுவதும் என்னிடம் ஒழுக்கமாகப் பேசவில்லை.

அன்றிலிருந்து இந்த ஆள் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்மானம் செய்திருந்தேன். அந்தத் தீர்மானம், என் மகள் சுகன்யாவை அமெரிக்க மாப்பிள்ளை பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைந்தது.

மடத்துக்குளத்தில் இருக்கும் என் கணவரின் அக்கா கொண்டுவந்த சம்பந்தம் அது. பையனுக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறை கிடைக்கவில்லை. அதனால் முதலில் கேமரா வழியாகப் பெண்ணும் பையனும் பார்த்துக்கொள்வது, பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அப்போது எங்கள் பக்கம் இது புதுமை. வீட்டுக்குள் உட்கார்ந்து கேமராவில் பேசுகிறார்கள் என்றால் வீதியே எட்டிப் பார்க்கும்.

எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, சுகன்யாவின் அறையில், பதினைந்து அங்குலத் திரையோடு. அதில் முடித்திருக்கலாம். பையனின் அம்மா போனில் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க பன்னண்டு பேரு வர்றமுங்க. பன்னண்டு பேரும் அந்தப் பொட்டிக்குள்ள தலைய உட்டுப் பார்க்க முடியுமுங்களா? டி.வி.ல போட்டுருங்க. எம் பையன் முழுசாத் தெரியோணும்."

என் கணவர் பவர் டேபிள் தையல் மிஷின்கள் வைத்துக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர். நாளைக்கே ஆயிரம் பனியன் வேண்டும் என்றாலும் "ஆயிருமுங்க" என்பதுதான் அவர் வாயில் வரும். இதற்கும் "ஆயிருமுங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டார். நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் இரண்டு பக்கமும் சம்பந்தி.

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அதற்கும் இருபத்தொன்பது அங்குல டி.வி.க்கும் நடுவே மஞ்சள் முனை ஒயரைப் போட்டோம். டி.வி.யில் நீல நிறம் வந்தது. நீலத்தின் நடுவே 'சிக்னல் இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது. அவ்வளவுதான். கணவர் ரிமோட்டில் இருக்கிற எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். நான் பிசிக்ஸ் பட்டத்தைத் துணைக்கு அழைத்து, ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். இப்போது நீலத்தோடு 'ஙொய்' என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்கு ஞாயிறு விடுமுறை. மணி ஒன்பதேகால். பத்து மணிக்குப் பையன் கேமரா முன்னால் வந்து உட்காருவான்.

"வேற வழியில்ல புள்ள. ஆரோவைக் கூப்புடறேன்."

"அந்த ஆளு நம்ம ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கறனல்ல?"

"அப்ப நீயே டி.வி.க்குள்ள போயி உக்காந்துக்கோ."

வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் அம்பு ஸ்டிக்கர் ரோல், கையில் திருப்புளி. அவர் செருப்பைக் கழற்றவும் வாசலில் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பன்னிரண்டு பேரும் இறங்கி வந்து சோபாவிலும் நாற்காலியிலும் பாயிலுமாக உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஆரோவையே பார்த்தார்கள்.

ஆரோ டி.வி.யைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பினார். வந்தவர்களுக்கு டி.வி.யின் முதுகு தெரிந்தது. பையனின் பெரியப்பா அதையும் மரியாதையாகப் பார்த்தார்.

"இதாருங்க இங்க சொருகுனது?" என்று டி.வி.யின் முதுகை ஒட்டிக் குனிந்திருந்த ஆரோவின் குரல் வந்தது.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "பிசிக்ஸ் டீச்சர்" என்றார் என் கணவர், பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி.

"இது சத்தம் வர்ற ஓட்டைங்க டீச்சர். படத்தைக் கொண்டாந்து காதுல ஊத்தியிருக்கறீங்க." அங்கே ஓர் அம்பு. ஒயரை மாற்றிச் செருகி, டி.வி.யை மறுபடி எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு ரிமோட்டை வாங்கி, வெளிப்பெட்டிகளுக்கான சேனலுக்கு மாற்றி, அந்தப் பொத்தானுக்கு ஓர் அம்பு. படம் வந்தது. படம் என்றால், பாவாடையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி குறுக்கே நெடுக்கே கோடுகள்.

"சைசு பெருசுங்க. பெரியாளு சட்டையப் பால்வாடிப் பையனுக்குப் போட்டாப்ல. டி.வி.க்கு அத்தனை பெருசு ஆகாது." கம்ப்யூட்டரில் திரை அளவைக் குறைத்தார். கோடுகள் நின்றன. ஆனால் எல்லாம் கறுப்பு வெள்ளை.

"எம் பையன் நல்ல கலருங்க" என்று பையனின் அம்மா கவலைப்பட்டார்.

"தெரியுமுங்க. கம்ப்யூட்டரு டி.வி.ய அமெரிக்கா டி.வி.ன்னு நெனச்சுட்டுக் கலரு அனுப்புது. நம்மூரு டி.வி.ன்னு மாத்தியுட்டு, ஒருக்கா அமத்திப் போட்டாச் செரியாயிரும்."

மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்தார். அந்தச் சமயம் பார்த்துப் பெரியப்பா, "டி.வி. சூடாயிருக்குமப்பா, ஆறட்டும்" என்று அக்கறையோடு டி.வி. சுவிட்சையும் அணைத்துவிட்டார். கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற்றது. டி.வி.யைப் போட்டோம். நீலம். சிக்னல் இல்லை.

மணி பத்தாக ஐந்து நிமிடம். என் கணவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பையனின் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய்ச் சுகன்யாவின் தலையில் மல்லிகைப் பூ சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பதற்றத்தில் அரை மணி நேரத்தில் ஆறாவது தடவையாகப் பூவைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்தால், ஆரோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

"கம்ப்யூட்டரு கண்ணு முழிக்கறப்ப ஒரே ஒருக்காத்தானுங்க சுத்தியும் பார்க்கும். எதுத்தாப்ல டி.வி. முழிச்சுட்டு உக்காந்திருந்தா அதுகிட்டப் பேசும். இல்லீன்னா, நம்ம பேச்சக் கேக்க இங்க ஆருமில்லைன்னு முடிவு பண்ணிக்கும். அப்பறம் நீங்க டி.வி.யப் போட்டுட்டுத் தலைகீழா நின்னாலும் அது வாயத் தொறக்காதுங்க. டி.வி.தானுங்க மொதல்ல முழிக்கோணும். கேக்கறவங்க மொதல்ல. பேசறவங்க அப்பறம்."

என் வீட்டுக் கூடத்தில், என் சம்பந்திகள் முன்னால், எனக்கே பிசிக்ஸ். பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டி.வி.யை முதலில் போட்டுக் கம்ப்யூட்டரைப் பிறகு போட்டதும், சொல்லி வைத்தாற்போல் படம் வந்துவிட்டது. வண்ணத்தில்.

சரியாகப் பத்துக்குப் பையனின் முகம் இருபத்தொன்பது அங்குலத்துக்கு விரிந்தது. பன்னிரண்டு பேரும் ஒட்டுக்கா "ஆஹா" என்றார்கள். "ரெண்டு சுத்துப் பெருத்துட்டான்" என்றார் பெரியப்பா. எங்கள் கேமராவில் விழுவது என்ன என்று காட்ட, டி.வி.யின் கீழ்மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் தெரிந்தது. அதை யார் பார்த்தார்கள்? நம் கூடத்தை நாமே பார்க்க இத்தனை பாடா?

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒயர் முனை துளையில் நிற்கவில்லை. ஆரோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் படம். "கையெடுத்தாப் போயிருமுங்க" என்றார். ஆக, என் மகளைப் பெண் பார்க்கும் வைபவம் முழுவதும் இந்த மனிதர் டி.வி.க்குப் பக்கத்தில் தரையில், ஒரு கையை டி.வி.யின் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்தபடி காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரால் சகிக்க முடியும், சொல்லுங்கள்?

சுகன்யா வந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலை. கேமரா டி.வி.யின் தலைமேல் இருந்ததால், அதற்கு நேர் எதிரே நாற்காலி. அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும். எங்களுக்குத் தெரிந்தது அவளுடைய பின்னலும் பூவும்தான். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன்.

பையன் தன்மையாகத்தான் பேசினான். அதில் குறை சொல்ல மாட்டேன். என்ன படித்தீர்கள் என்றான். "டெக்ஸ்டைல்" என்றாள். "சத்தமாச் சொல்லு கண்ணு" என்றார் அவன் அம்மா. தொலைவு காரணமாக ஒவ்வொரு பேச்சும் போய்ச்சேர நேரம் பிடித்தது. அவன் கேள்வி முழுவதும் காதில் விழுந்த பிறகும் டி.வி.யில் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு இங்க வர்றதுல விருப்பந்தானுங்களா?" என்றான்.

சுகன்யாவின் பின்னல் அசையவில்லை.

"ஹலோ? சத்தம் வர்லீங்களா?"

"வருது மாப்ள, வருது! விருப்பந்தானுங்க!" என்றார் என் கணவர்.

"அவளுக்கு ரொம்ப இஷ்டமுங்க" என்றேன் நான்.

அப்போதுதான் அது நடந்தது. ஆரோவின் இடது கை சட்டைப் பைக்குள் போனது. ரோலை எடுத்தார். பல்லால் ஓர் அம்பைக் கிழித்தார். ஒயரைப் பிடித்த கையை விடாமலே எட்டி, டி.வி. கண்ணாடியின் கீழ்மூலையில், அந்தத் தீப்பெட்டிக் கட்டத்துக்கு நேராக ஒட்டினார்.

"ஏனப்பா, அங்க என்ன?" என்றார் பெரியப்பா.

"பால்ட்டுங்க."

"படம் சுத்தமாத்தான இருக்குது?"

"படம் சுத்தமுங்க."

பன்னிரண்டு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நானும் சாய்ந்தேன். அம்பு காட்டிய கட்டத்துக்குள் என் மகள் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, முதுகு ஒரு துளி அசையாமல், கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூட இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக அழுதாளோ. இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பூ தெரிந்தது.

பையனின் குரல் தாமதமாக வந்து சேர்ந்தது. "நானும் பார்த்துட்டேதானுங்க இருக்கேன். கேமரா கோளாறோன்னு நெனச்சேன்... ஏங்க, அழாதீங்க. அம்மா, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க."

என் கணவருக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைத் திட்டினார். "யோவ், மொதல்ல அந்தக் கைய எடுய்யா அக்கட்டால!"

ஆரோ சொன்னதைச் செய்கிற மனிதர். கையை எடுத்தார். அமெரிக்கா மறைந்தது. நீலம். சிக்னல் இல்லை.

பையனின் அம்மா எழுந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "ஏனுங்க, புள்ளைக்கு மனசில்லைன்னா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லப்படாதுங்களா? எம் பையனைக் கூப்புட்டுக் கேவலப்படுத்தோணுமுங்களா?" சம்பந்தி என்ற சொல் காணாமல் போயிருந்தது. இனிப்புக்கென்று செய்து வைத்த ஒப்புட்டைத் தொடாமல் வேன் கிளம்பிவிட்டது.

என் ஆத்திரம் முழுவதும் ஆரோவின் மேல் பாய்ந்தது. வாசல் வரை துரத்திக்கொண்டே போனேன்.

"உங்களை டி.வி. பார்க்கக் கூப்புட்டமா, எங்கூட்டுப் புள்ளையச் செக்கிங் பண்ணக் கூப்புட்டமா?"

"பால்ட்டு எங்கன்னு பார்க்கத்தானுங்க டீச்சர் கூப்புட்டீங்க."

"எம் பொண்ணு என்ன பீசா? பன்னண்டு பேரு முன்னால அவளை ரிஜெக்ட் பண்ணிட்டீங்களே!"

அதுவரை அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். "ரிஜெக்ட்டுன்னு ஆருங்க சொன்னது? ரிஜெக்ட்டுக்கு ஆரு ஆரோ ஒட்டுவாங்க? அதைத் தூக்கி மூலைல போட்டுருவாங்க. ஆரோ ஒட்டுனா ஆல்டருங்க டீச்சர். செரி பண்ணிப் போடலாம்னு அர்த்தம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திருப்புளியை மறந்துவிட்டுப் போனார். அதை வீதியில் வீசலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

உள்ளே வந்தால், சுகன்யா ஒரு கடிதத்தோடு நின்றாள். பெங்களூரில் துணிகளைச் சோதிக்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கடிதம் வந்து பத்து நாள். வேலையில் சேர நான்கே நாள் மிச்சம்.

"ஏன் சொல்லல?"

"மூணு தடவ சொல்ல வந்தனம்மா. நீ பேப்பர் திருத்திட்டிருந்த."

எனக்கு நினைவு வந்தது. மூன்று தடவையும் சிவப்புப் பேனாவை விடைத்தாளிலிருந்து எடுக்காமல் "அப்பறம் சொல்லு சாமி" என்று சொல்லியிருந்தேன். நான்காவது தடவை அவள் வரவில்லை. ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் தப்பையெல்லாம் வட்டம் போட்டுக் காட்டுகிற பேனா அது.

சுகன்யா பெங்களூர் போனாள். அவள் அப்பாதான் கொண்டுபோய் விட்டார். "ஆயிருமுங்க" என்று சொல்லாமல், வழியெல்லாம் அழுதுகொண்டே போனாராம்.

இதனால் எல்லாம் என் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மடத்துக்குளத்து நாத்தனார் ஒரு வருடம் பேசவில்லை. எங்கள் வீட்டுக்கு 'ஆரோ ஒட்டுன ஊடு' என்று பெயராகிவிட்டது. பால்காரர்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார். அந்தப் பையனுக்கு ஆறே மாதத்தில் கல்யாணம் ஆனது. அவன் அம்மா பெருந்தன்மையாக எங்களுக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தார். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. என்னையறியாமல் என் கை எதையோ தேடியது. தொற்றுநோய்.

ஒரு வருடம் அந்தத் தகரக் கொட்டகை இருக்கும் பக்கமே நடக்காமல், வீதியின் எதிர்ப்பக்கமாகப் போய் வந்தேன். பிறகு ஒருநாள் பொறுக்க முடியாமல் நேரே போய் நின்றேன். திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நீங்க என்னத்தைப் பார்த்து ஒட்டுனீங்க?"

அவர் யாருடைய ரிமோட்டையோ டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் என்ன தெரியுமோ.

"அந்தச் சின்னக் கட்டத்தோட ஓரத்துல பச்சையா ஒரு கோடு ஓடுச்சுங்க டீச்சர். கேமரா ஒயரு லூசு. அதுக்குத்தானுங்க ஒட்டுனேன்."

"அவ அழுதது?"

"அத நான் கவனிக்கலீங்களே."

"அப்ப ஆல்டர்னு சொன்னது?"

"கேமராவத்தானுங்க சொன்னேன்."

பச்சைக் கோடு எதுவும் ஓடவில்லை. அந்தக் கட்டத்தை நான் ஆயிரம் தடவை மனதில் போட்டுப் பார்த்துவிட்டேன். சுகன்யாவையும் போனில் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். அதைவிட, டி.வி.க்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவருக்கு, அவள் முகத்தைப் பார்க்கக் கட்டமே தேவையில்லை. இப்படி முழுப் பொய்யை ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிற மனிதரை என்ன செய்வது? "உங்களுக்குப் பொய்கூடப் பேச வர்ல" என்று திட்டிவிட்டு வந்தேன்.

போன ஆவணியில் அவிநாசிபாளையம் பக்கம் புதுவீடு கட்டிக் குடிவந்தோம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். "எங்க வேணும்னாலும் ஒட்டிக்குங்க" என்றேன். மனிதர் திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி அறை அறையாகப் போனார். முழு ரோலும் தீர்ந்தது. மேஸ்திரி என்னிடம் சண்டைக்கு வந்தார்.

கடைசியாக உள்ளறைக்குப் போனார். பழைய டி.வி.யை முதல் ஆளாக அங்கே குடியேற்றியிருந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது. புது டி.வி. வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொன்னார், நான் கொடுக்கவில்லை. அணைந்த கண்ணாடியின் கீழ்மூலையில் அந்த அம்பு வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுகன்யா போன் செய்யும் நேரத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதற்கு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வது என் பழக்கம். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே உட்கார்ந்துவிடுவேன்.

ஆரோ அந்த அம்பைப் பார்த்தார். குனிந்து, நகத்தால் ஒரு முனையைச் சுரண்டப் போனார்.

"இது ஆல்டர் ஆயி, பாஸும் ஆயிருச்சுங்களே டீச்சர். எடுத்துரட்டுங்களா?"

"கைய எடுங்க மொதல்ல!" என்று போட்ட சத்தத்தில் மேஸ்திரியே ஓடி வந்துவிட்டார்.

அன்றைக்கு நடந்ததற்கு அந்த மனிதர் இதுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.